குமாருக்கு ஒரு ஃபார்ம் ('கோத்தகிரி சொந்தங்கள்' குழு)

கவிதா: எல்லோருக்கும் வணக்கம். ஆஸ்பத்திரியில் ஒரு ஃபார்ம் கொடுத்திருக்கிறார்கள். படுக்கைப் புண் வராமல் தடுக்க ஏதோ ஆராய்ச்சியாம். வெள்ளிக்கிழமைக்குள் சொல்லணும். சேரலாமா?

ராஜு மாமா: ஆராய்ச்சியா? நம்ம குமார் என்ன எலியா?

செல்வி: மாமா, மருந்து ஊசி எதுவும் கிடையாது. முதுகுத்தண்டில் அடிபட்டு, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போனவர்களைக் கம்ப்யூட்டர் குலுக்கலில் இரண்டாகப் பிரிப்பார்கள். ஒரு பாதிக்கு வழக்கமான கவனிப்பு. மறுபாதிக்கு அதோடு அடிக்கடி போன், சில தடவை வீட்டுக்கே வந்து தோலைப் பார்ப்பார்கள். நாம் ஒரே பக்கம் படுத்தால் உறுத்துகிறது என்று மூளைக்குச் சேதி போய், தூக்கத்திலேயே புரண்டுவிடுவோம். சில்வர் ஓக் மரத்திலிருந்து விழுந்த பிறகு குமார் அண்ணனுக்கு இடுப்புக்குக் கீழே இருந்து அந்தச் சேதியே போவதில்லை. எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் தசை நசுங்கி, ரத்த ஓட்டம் நின்று, உள்ளேயே அழுகும். வெளியே கொஞ்சம் சிவப்புதான் தெரியும்.

மணி சித்தப்பா: குலுக்கல் என்றால் சீட்டு மாதிரியா

பிரபு: சீட்டுப் பேச்சு வேண்டாம் சித்தப்பா

மணி சித்தப்பா: அதெல்லாம் கொடுத்தாச்சு

பிரபு: பாதி

சரோஜா அத்தை: சிவந்த இடத்தில் தேங்காய் எண்ணெய் விட்டு நன்றாகத் தேய் கண்ணு. ராத்திரி காலுக்கு வெந்நீர்ப் பை வை. பனி கொட்டுகிறது

செல்வி: ஐயோ அத்தை, இரண்டும் வேண்டாம்! தேய்த்தால் உள்ளே இன்னும் கெடும். வெந்நீர்ப் பை சுட்டாலும் அவருக்குத் தெரியாது. கொப்புளம் வந்த பிறகுதான் நாம் பார்ப்போம். கரி அடுப்பும் கட்டில் பக்கம் கூடாது. கம்பளி சாக்ஸ் போதும், சுருக்கம் இல்லாமல்.

ராஜு மாமா: நான் வாங்கித் தந்த காற்று வளையம்?

செல்வி: அதுவும் வேண்டாம் மாமா. விளிம்பு சுற்றிலும் அழுத்தி, நடுவில் ரத்தம் போகாமல் செய்துவிடும்.

ராஜு மாமா: 650 ரூபாய். பில் இருக்கிறது

பிரபு: உங்கள் மூலத்துக்கு ஆகும் மாமா

ராஜு மாமா: டேய்

விமலா சித்தி: யாராவது இன்று மேட்டுப்பாளையம் இறங்குகிறீர்களா? கேரட் மூட்டை ஒன்று அனுப்பணும்

பிரபு: குஞ்சப்பனையில் யானை. வண்டியெல்லாம் நிற்கிறது

மணி சித்தப்பா: போன் வராத பாதியில் விழுந்தால்?

செல்வி: போன் செய்தால் பலன் உண்டா என்று தெரியாததால்தான் குலுக்கலே. வங்கதேசத்தில் டாக்கா பக்கம் சாவரில் ஒரு மறுவாழ்வு மையம் இருக்கிறது, 1979இல் தொடங்கியது. அங்கே 410 பேரை இப்படிப் பிரித்து 2 வருஷம் பார்த்தார்கள். ஒரு பாதிக்கு 36 போன், 3 தடவை வீட்டுக்கு. கடைசியில் இறந்தவர்கள் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவு.

ராஜு மாமா: அப்புறம் எதற்கு இது?

செல்வி: அந்த ஊர் வேறு, நம் மலை வேறு மாமா. ஆனால் என்னைக் கேட்டால், போனில் அறிவுரை சொல்வதைவிட ஒரு நல்ல மெத்தை கொடுக்கலாம்.

கவிதா: போன் வந்தாலும் மாட்டுக்கொட்டகைப் பக்கம்தான் சிக்னல். அப்புறம் செல்வி, மூன்று நாளாக இடது குதிகாலில் புளியங்கொட்டை அளவு சிவப்பு. அழுத்தினால் வெளுக்கவில்லை.

செல்வி: அண்ணி, இதை முதலில் சொல்லக்கூடாதா! போட்டோ எனக்குத் தனியாக அனுப்புங்கள். கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைத்துக் குதிகாலை அந்தரத்தில் விடுங்கள். நாளைக்கே டாக்டரிடம் காட்டணும். ராத்திரி 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்புகிறீர்களா?

கவிதா: 10, 12, 2, 4. யாராவது ஒரு வாரம் வந்து இருந்தால் தூங்குவேன்.

சரோஜா அத்தை: எனக்கு முட்டி வலி கண்ணு

விமலா சித்தி: பாப்பாவுக்குப் பரீட்சை முடியட்டும்

பிரபு: சனிக்கிழமை ராத்திரி நான் வருகிறேன் அண்ணி

ராஜு மாமா: சரி, ஃபார்ம்? குமாரை யாராவது கேட்டீர்களா?

குமார்: நானும் இந்தக் குரூப்பில்தான் இருக்கிறேன் மாமா.

செல்வி: அண்ணா

குமார்: ஃபார்மைப் படித்துவிட்டுச் சொல்கிறேன். சீட்டுப் பணம் மீதி வந்தால் மெத்தை வாங்கிவிடலாம் சித்தப்பா.

மணி சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

விமலா சித்தி: யானை போயாச்சா?