சிறுவர் சந்தை: மேசை, தராசு, மிச்சக் காசு (சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைகள் கேட்ட விபரம்)

அன்பான ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

சென்ற மடலில், நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் படிக்கும் வெள்ளவத்தைப் பாடசாலையின் ஆரம்பப் பிரிவில், பிள்ளைகளே பொருள் விற்றும் வாங்கியும் பழகும் சிறுவர் சந்தை நடந்ததை இரண்டே வரியில் எழுதியிருந்தோம். ஸ்காபரோவிலிருந்து அக்கா ஒருவரும் ஹரோவிலிருந்து தம்பி ஒருவரும், தங்கள் தமிழ்ப் பாடசாலையிலும் அதை நடத்த விரும்புவதாகவும் முழு விபரம் வேண்டும் என்றும் கேட்டிருக்கிறார்கள். மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் பொதுவிலேயே எழுதுகிறோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சந்தை நடப்பது காலையில் 9 மணியிலிருந்து 10.20 வரைதான். படிப்பு நடப்பது அதற்கு முந்திய மூன்று கிழமையில். அந்த மூன்று கிழமையை விட்டுவிட்டு மேசை போட்டு, தோரணம் கட்டி, அம்மாமார் பின்னால் நின்று விற்றுக்கொடுத்தால் படம் எடுக்க அழகாக இருக்கும், பிள்ளைக்கு எதுவும் மிஞ்சாது. 1999இல் நாடு முழுவதும் வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை என்ற மூன்றையும் சேர்த்துக் கற்பிக்கச் சொல்கிறது. மூன்றும் ஒரே இடத்தில் சந்திப்பது சந்தையில்தான். கணிதம், தமிழ், சுற்றாடல், சிங்களம் எல்லாம் ஒரே மேசையில் வந்துவிடும்.

தரம் 3, 4 பிள்ளைகள் விற்பார்கள். தரம் 5 பிள்ளைகள் வங்கி நடத்துவார்கள். தரம் 1, 2 பிள்ளைகள் வாங்க வருவார்கள், பெற்றோரும் வரலாம். நாளைத் தெரிவுசெய்யும்போது இரண்டைப் பார்க்க வேண்டும். புலமைப்பரிசில் பரீட்சைக்கு முந்திய மாதங்களில் தரம் 5ஐத் தொடக்கூடாது. கொழும்பில் மார்ச் பிற்பகுதியிலிருந்து பின்னேர இடிமழை தொடங்கிவிடும். ஆகவே முதலாம் தவணையில், காலைநேரம் நல்லது. அப்படியும் ஒரு தறப்பாள் கைவசம் இருக்கட்டும்.

36 பிள்ளைகள் என்று வையுங்கள். ஒரு மேசைக்கு 4 பேர், 9 மேசை. ஒருவர் விற்பார், ஒருவர் நிறுப்பார், ஒருவர் காசு வாங்கி மிச்சம் கொடுப்பார், ஒருவர் எழுதுவார். 20 நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடிக்க வேலை மாறவேண்டும். 80 நிமிடத்தில் நால்வரும் நான்கு வேலையும் செய்து முடிப்பார்கள். மணி அடிக்காவிட்டால் கெட்டிக்காரப் பிள்ளை காசுப் பெட்டியை விடாது, கூச்சமுள்ள பிள்ளை கடைசிவரை பை நீட்டிக்கொண்டே நிற்கும். இதுதான் அடிக்கடி நடக்கிற பிழை.

இனி மிச்சக் காசு. இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதவேண்டும்.

65 ரூபா சாமானுக்கு 100 ரூபாத் தாள் வருகிறது. பிள்ளை கொப்பியில் 100இலிருந்து 65ஐ நிலைக்குத்தாக எழுதிக் கழிக்கப் பார்க்கும். இரண்டு பூச்சியம் தாண்டிக் கடன் வாங்கவேண்டும். ஒன்றினிடத்தில் 5 சரியாக வரும், பத்தினிடத்தில் கடன் கொடுத்ததை மறந்து 4 என்று எழுதிவிடும். 45 ரூபா கொடுத்துவிடும். சந்தையில் 10 ரூபா நட்டம் வருவதெல்லாம் பெரும்பாலும் இந்த ஒரு பிழையால்தான். பிள்ளைக்குக் கழித்தல் தெரியாது என்று முடிவு கட்டவேண்டாம். சனம் சுற்றி நிற்கும்போது கொப்பிக் கணக்கு கைகொடுக்காது.

கடைக்காரர் கழிப்பதில்லை, எண்ணி ஏறுவார். அதையே பழக்குங்கள். "அறுபத்தைந்து" என்று விலையைச் சத்தமாகச் சொல்லவேண்டும். 5 ரூபாக் குற்றியை வைத்து "எழுபது". 10 ரூபாவை வைத்து "எண்பது". 20 ரூபாவை வைத்து "நூறு". முடிந்தது. கையில் கொடுத்தது 35 என்று பிள்ளைக்குத் தெரியவேண்டிய அவசியமே இல்லை, ஆனால் சரியாகக் கொடுத்திருக்கும். பிறகு வகுப்பில் அந்த 5, 10, 20ஐக் கூட்டிப் பார்த்து, 100இலிருந்து 65ஐக் கழித்தாலும் அதுதான் வருகிறது என்று தானாகக் கண்டுபிடிக்கும்போது முகத்தைப் பார்க்கவேண்டும். கழித்தல் என்பது இடைவெளி என்று அன்றைக்குத்தான் விளங்கும்.

இன்னொரு பழக்கம்: வாங்கிய தாளை உடனே பெட்டிக்குள் போடக்கூடாது. ஒரு சிறு தட்டில் எல்லோருக்கும் தெரிய வைத்து, மிச்சம் கொடுத்து முடிந்தபிறகே உள்ளே போடவேண்டும். "நான் ஐந்நூறு அல்லவா தந்தேன்" என்று யாராவது கேட்டால் பதில் தட்டிலேயே இருக்கும்.

முதல் இரண்டு கிழமையும் விளையாட்டுக் காசு போதும். உண்மைத் தாளை வர்ணப் போட்டோக்கொப்பி எடுத்துப் பிள்ளைகளிடம் கொடுக்கவேண்டாம், நாணயத்தாளைப் பிரதி பண்ணுவது சட்டச் சிக்கல். பிரிஸ்டல் மட்டையை வெட்டி எண்ணை மட்டும் எழுதினால் போதும். குற்றிக்கு, உண்மைக் குற்றியின்மேல் தாளை வைத்துப் பென்சிலைச் சரித்துத் தேய்த்து அச்செடுக்கலாம். தரம் 1 பிள்ளைகளுக்கும் அது பெரிய விருப்பம். மூன்றாம் கிழமையில் உண்மைக் காசுக்கு மாறவேண்டும், ஏனென்றால் பாரமும் பருமனும் கைக்குப் பழகவேண்டும்.

அன்றைக்கு ஒவ்வொரு மேசைக்கும் தொடக்கக் காசு 300 ரூபா: 5 ரூபாக் குற்றி 10, 10 ரூபா 10, 20 ரூபா 5, 50 ரூபாத் தாள் 1. ஒன்பது மேசைக்கு 2700 ரூபா. அதற்கு 5 ரூபாவும் 10 ரூபாவும் தொண்ணூறு தொண்ணூறு குற்றி தேவை. முதல்நாள் போய்க் கேட்டால் எந்த வங்கியிலும் உடனே கிடைக்கும் என்றில்லை, ஒரு கிழமைக்கு முன்னரே சொல்லிவையுங்கள்.

பெற்றோர் 1000 ரூபாத் தாளோடு நேராக மேசைக்கு வந்தால் பத்து நிமிடத்தில் சில்லறை முடிந்து சந்தை படுத்துவிடும். அதற்குத்தான் வாசலில் தரம் 5 பிள்ளைகளின் வங்கி. 1000ஐ வாங்கி 100 எட்டு, 50 இரண்டு, 20 ஐந்து என்று கொடுப்பார்கள். ஒருவர் எண்ணிக் கொடுக்க, அடுத்தவர் மறுபடி எண்ணவேண்டும். 5000 ரூபாத் தாளை ஆசிரியர் மட்டும் கையாளட்டும். விலைகள் எல்லாம் 5இன் மடங்கு, 100க்கு மேல் எதுவும் வேண்டாம்.

விலை போடுவதைப் பெரியவர்கள் செய்து கொடுக்காதீர்கள். அதில் நல்ல பாடம் இருக்கிறது. கொய்யா கிலோ 240 ரூபாவுக்கு 5 கிலோ வாங்கினால் 1200. கால் கிலோப் பொதியாகக் கட்டினால் 20 பொதி, ஒரு பொதியின் கொள்விலை 60. 75க்கு விற்றால் 300 ரூபா இலாபம் என்று பிள்ளைகள் துள்ளுவார்கள். இரண்டு பொதி நசிந்து போய்விட்டது என்று வையுங்கள். 18 பொதிக்கு 1350, இலாபம் 150. இருபதில் இரண்டு போனதற்கு இலாபத்தில் பாதி போய்விட்டது. ஏன் என்று அவர்களையே யோசிக்க விடுங்கள். தரம் 4 பிள்ளைகள் ஒரு பாடவேளை முழுக்க இதைப் பேசுவார்கள். அடுத்தநாள் கொய்யாவை மிக மெதுவாகத் தூக்குவார்கள்.

தராசு. கடையில் இருக்கும் டிஜிட்டல் தராசு வேண்டாம், அதில் எண்ணை வாசிப்பது மட்டுமே நடக்கும். 60 சென்ரிமீற்றர் நீளம், 3 சென்ரிமீற்றர் அகலமான பலகைச் சட்டம் எடுங்கள். இரு முனையிலும் 2 சென்ரிமீற்றர் உள்ளே ஒவ்வொரு துளை. நடுத்துளை சரியாக 30இல், ஆனால் முனைத் துளைகளை இணைக்கும் கோட்டுக்கு ஏறக்குறைய 5 மில்லிமீற்றர் மேலே இருக்கவேண்டும். அது கீழே போனால் தராசு நிற்காது, ஒரு பக்கமாகக் கவிழ்ந்துவிடும். எங்கள் தராசு சரிவரவில்லை என்று சொல்பவர்கள் பெரும்பாலும் விட்ட பிழை இதுதான். ஒரே மாதிரியான இரண்டு பிளாஸ்ரிக் தட்டு, ஒவ்வொன்றுக்கும் 40 சென்ரிமீற்றர் கயிறு மூன்று. வெறுந்தட்டில் சரிந்தால் பாரம் குறைந்த முனையில் கொஞ்சம் களிமண்ணை ஒட்டிச் சமப்படுத்துங்கள். மின்விசிறிக்குக் கீழே வைக்கவேண்டாம், தட்டு ஆடிக்கொண்டே இருக்கும்.

படிக்கல்லுக்குப் பதிலாக 250 கிராம், 500 கிராம் மணல் பை செய்து, பக்கத்துக் கடைத் தராசில் ஒருமுறை சரிபாருங்கள். மணல் நன்றாகக் காய்ந்திருக்கவேண்டும். ஈர மணலை நிறுத்துக் கட்டினால் காயக் காயப் பாரம் குறைந்து, சந்தையன்று 250 என்று எழுதிய பை 250 இராது.

தரம் 3இல் சில பிள்ளைகள் கீழே இறங்கிய தட்டைப் பார்த்து "குறைவு" என்பார்கள். கீழ் என்றால் குறைவு, மேல் என்றால் கூட என்று எண்கோட்டில் பழகியதை இங்கே கொண்டுவருகிறார்கள். திருத்திச் சொல்வதைவிட, இரண்டு கையிலும் இரண்டு பையைக் கொடுத்து, கண்ணை மூடி எந்தக் கை இறங்குகிறது என்று கேளுங்கள். அதன்பிறகு அந்தப் பிழை வராது.

வெள்ளவத்தையில் பல பிள்ளைகள் மாடிக் குடியிருப்பில் இருக்கிறார்கள், வீட்டுத் தோட்டத்திலிருந்து கீரை கொண்டுவா என்று சொல்லமுடியாது. அதற்குப் பதிலாக ஒரு மேசைக்கு முளைப்பயறு. பயறைக் கழுவி இரவு முழுக்க ஊறவைத்து, நீரை முழுவதும் வடித்து, ஈரத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, காலையும் மாலையும் தண்ணீரில் அலசி வடிக்கவேண்டும். கொழும்பு வெக்கைக்கு ஒன்று, ஒன்றரை நாளில் வால் விடும். அடியில் தண்ணீர் தேங்கினால் நாறிவிடும், அலச மறந்தால் காய்ந்துவிடும். பாரம் இருமடங்குக்கு மேல் ஏறும். முன்னும் பின்னும் நிறுத்து எழுதுவது சுற்றாடல் பாடத்துக்கும் கணிதத்துக்கும் ஒன்றாகப் போகும். வாங்குபவருக்கு அவித்துச் சாப்பிடச் சொல்லி ஒரு துண்டு எழுதிக் கொடுங்கள். ஈரச் சூட்டில் கிருமியும் சேர்ந்து வளரும்.

மற்ற மேசைகளுக்கு வல்லாரை, பொன்னாங்காணி, தேசிக்காய், கதலிப்பழம், பனங்கிழங்கு, அவித்த கடலை என்று வைக்கலாம். ஒரு மேசையில் முழுக்கச் சிங்களத்தில் மட்டுமே வியாபாரம். "கீயத?" (எவ்வளவு?) என்று கேட்டால் எண்ணைச் சிங்களத்தில் சொல்லவேண்டும். கொழும்புப் பிள்ளைக்கு நாளாந்தம் தேவைப்படுகிற மொழி, வகுப்பில் பாடமாக்கியதைவிட இங்கே வேகமாக ஏறுகிறது. தோரணம், பதாகைக்கு அரைநாளுக்கு மேல் செலவழிக்கவேண்டாம்.

எழுதுபவரின் வேலை: ஒரு பொருள் விற்றால் ஒரு கோடு, ஐந்தாவது கோடு குறுக்கே. முடிவில் கணக்கு முடிக்கவேண்டும். 40 ரூபாக் கீரைக்கட்டு 20 வந்தது, 3 மிச்சம். 17 கட்டுக்கு 680, தொடக்கக் காசு 300, பெட்டியில் 980 இருக்கவேண்டும். 960 இருந்தால் 20 குறைவு. அதைப் பிள்ளையின் கையிலிருந்து கட்டவைக்காதீர்கள், ஆசிரியரும் இரகசியமாகப் போட்டு நிரப்பக்கூடாது. "குறைவு 20" என்று எழுதி, எங்கே போயிருக்கும் என்று நால்வரும் பேசட்டும்.

பெற்றோருக்கு ஒரே ஒரு விதி: மேசைக்குப் பின்னால் வரக்கூடாது. பிள்ளை மெதுவாக எண்ணினால் காத்திருக்கவேண்டும். தரையில் வெண்கட்டியால் கோடு போட்டுவிடுங்கள், வாயால் சொல்வதைவிட அது வேலை செய்யும்.

வெளிநாட்டில் நடத்துபவர்கள் மாற்றவேண்டியவை. கனடாவில் 2013இலிருந்து ஒரு சதக் குற்றி புழக்கத்தில் இல்லை. 25 சதம் எங்கள் 5, 10, 20 ஏணியில் பொருந்தாது, ஆகவே விலைகளை 25 சதத்தின் மடங்காக வையுங்கள். பிரித்தானியாவிலும் யூரோ நாடுகளிலும் 5, 10, 20, 50 இருப்பதால் இங்குள்ள முறை அப்படியே பொருந்தும். அவுஸ்திரேலியாவில் ஆகச் சிறியது 5 சதம். உணவில் கவனம் மிக மிகத் தேவை: கச்சான் (நிலக்கடலை) மட்டுமல்ல, எள்ளும் கனடாவிலும் பிரித்தானியாவிலும் ஒவ்வாமைப் பட்டியலில் உள்ளது. எள்ளுருண்டை, கச்சான் அல்வா மேசை வேண்டாம். ஒன்ராறியோவில், பாடசாலைகளில் கடும் ஒவ்வாமையுள்ள பிள்ளைகளைப் பாதுகாக்கும் சப்ரினா சட்டம் 2006இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. பாடசாலைக் கட்டடத்தை வாடகைக்கு எடுத்து நடத்தினாலும் அங்குள்ள ஒவ்வாமை விதியை முன்கூட்டியே கேட்டறியுங்கள். அங்குள்ள பிள்ளைகளுக்கு இந்தச் சந்தையில் பெரிய பயன் தமிழ் எண்தான். "அறுபத்தைந்து, எழுபது, எண்பது, நூறு" என்று வாய்விட்டு எண்ணாமல் காசு கைமாறக்கூடாது என்று வையுங்கள். எழுபதும் எண்பதும் அவர்களுக்குக் குழம்பும், அந்த இரண்டையும் முன்கூட்டியே பழக்குங்கள்.

பரிஸ் அண்ணா ஒருவர், ஆரம்பப் பிரிவுக்குத் திரைப்பலகை வாங்க உதவலாமா என்று கேட்டிருந்தார். அந்த மனத்துக்கு நன்றி. ஆசிரியர்கள் இப்போது கேட்பது வேறு: ஒரு லீற்றர் அளவுச் சாடி 6, முள் திருப்பக்கூடிய மணிக்கூட்டு முகம் 36, மடிக்கக்கூடிய மேசை 4. எல்லாமே கொழும்பில் வாங்கலாம், தபாலில் அனுப்பவேண்டாம். மேசைகள் இப்போது ஒவ்வொரு சந்தைக்கும் இரவல்தான்.

தராசின் அளவுப்படமும் கணக்குத் தாளும் இணைத்திருக்கிறோம். துளை போடும்போது படத்தில் சிவப்புக் கோடு போட்டிருக்கும் இடத்தைப் பார்த்துப் போடுங்கள்.

அன்புடன்,
கல்விக் குழு, கொழும்புக் கிளை