புதுப்பிப்பு: அம்மாவின் ஹெச்பிஏ1சி 7.8 ஏன்?

வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை 108 காட்டும் அம்மாவுக்கு, இரண்டு மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சி ரத்தச் சோதனையில் மட்டும் எப்படி 7.8 வரும் என்று கேட்டிருந்தேன். மாட்டுங்காவில் எங்கள் டாக்டரிடம் காட்டியாயிற்று.

சிவப்பணுக்கள் சுமார் 120 நாள் வாழ்கின்றன. அவற்றின் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொண்ட சர்க்கரையைத்தான் இந்தச் சோதனை அளக்கிறது. 7.8 என்றால் இரண்டு மூன்று மாதச் சராசரி ஏறக்குறைய 177. விடிகாலை 108 நல்லபிள்ளைதான். சோறு உண்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 236! குட்டு வெளிப்பட்டது.

அதோடு விடவில்லை. அம்மாவின் கீழிமையை இழுத்துப் பார்த்துவிட்டு ரத்தசோகைக்கும் சோதிக்கச் சொன்னார். இரும்புச்சத்துக் குறைந்தால் ஹெச்பிஏ1சி சற்றுக் கூடுதலாகக் காட்டலாமாம். ஹீமோகுளோபின் 9.4, குறைவுதான். இரும்பு மாத்திரை தொடங்கியிருக்கிறோம். மதியச் சோற்றின் அளவில்தான் வீட்டில் பேச்சுவார்த்தை நீடிக்கிறது.

பட்டினியோடு ரத்தம் கொடுக்க வேண்டுமா என்று கேட்டவர்களுக்கு: இந்தச் சோதனைக்கு வேண்டாம்.