ஓடுபாதையின் கடைசியில்தான் விமானம் எழுகிறது: எஞ்சின் கோளாறா?

விதைக்காற்று: அவசரமாக உதவி தேவை. உரம் தூவும் எங்கள் டர்பைன் விமானம் வழக்கமாக ஓடுபாதையின் பாதியைக் கடந்ததும் எழுந்துவிடும். நேற்று முதல் வேலியை நெருங்கும்போதுதான் தரையை விடுகிறது. உரத்தொட்டியில் எப்போதும் நிரப்பும் கோடுவரைதான் நிரப்புகிறோம், விமானியும் மாறவில்லை. எஞ்சினில் எதை முதலில் பார்க்க வேண்டும்?

சுழலி: எஞ்சினுக்குள் காற்றை அழுத்தும் கம்ப்ரசரில் உரத்தூசி படிந்திருக்கிறது, எனக்கு இதில் ஐயமே இல்லை. கழுவிப் பாருங்கள்.

நிழல்மானி: கழுவுவதற்கு முன் சில விவரங்களைச் சொல்லுங்கள். எஞ்சினின் முறுக்குவிசையைக் காட்டும் டார்க் மானி என்ன காட்டுகிறது? வெப்பநிலை எவ்வளவு? ஓடுபாதை புல்தரையா, கெட்டித்தரையா?

மூத்தவன்: எடையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லாமல் எஞ்சினைக் குறைசொல்லும் இழைகளை நான் எண்ணுவதையே விட்டுவிட்டேன். தொட்டியின் கோடு கொள்ளளவைத்தான் காட்டும், எடையைக் காட்டாது. பயிற்சியின் முதல் வாரத்திலேயே இதைச் சொல்லித் தருவார்கள். என்ன உரம் ஏற்றுகிறீர்கள்?

விதைக்காற்று: டார்க் வழக்கம்போலவே இருக்கிறது. வெப்பம் 34 பாகை, புல்தரை. கோடு 1,200 லிட்டர். யூரியா தீர்ந்ததால் நேற்று முதல் சூப்பர் பாஸ்பேட் ஏற்றுகிறோம். அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு?

நிழல்மானி: காரணமே அதுதான். யூரியா லிட்டருக்கு ஏறக்குறைய முக்கால் கிலோ இருக்கும். சூப்பர் பாஸ்பேட்டோ ஒரு கிலோவைத் தாண்டும். ஆகவே 900 கிலோ இருந்த அதே கோட்டில் இப்போது 1,300 கிலோவரை ஏறியிருக்கலாம். விமானத்தின் மொத்த எடை நான்கு டன் என்று கொண்டால் இது பத்து விழுக்காடு கூடுதல். தரையோட்டம் குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு நீளும், ஸ்டால் வேகமும், அதாவது அதற்குக் கீழே போனால் இறக்கை தூக்குவிசையை இழக்கும் வேகமும், ஐந்து விழுக்காடு உயரும். வயலின் ஓரத்தில் 45 பாகை சாய்ந்து திரும்பும்போது ஸ்டால் வேகம் எப்படியும் 19 விழுக்காடு கூடிவிடும் என்பதால், நேர்ப்பறத்தலில் தெரியாத குறை அந்தத் திருப்பத்தில்தான் வெளிப்படும். அங்கே மீள்வதற்கான உயரம் இருக்காது.

சுழலி: கம்ப்ரசரை விட்டுவிடுகிறேன். ஆனால் ஆபத்து வந்தால் சுமையைக் கொட்டிவிடலாமே. கைப்பிடி அதற்காகத்தானே இருக்கிறது?

மூத்தவன்: வேளாண் விமானங்களுக்கான அமெரிக்காவின் 137ஆம் பகுதி விதிகள் மக்கள் நெருக்கமான இடங்களுக்கு மேல் பறப்பதற்குக் கேட்பது, அனுமதித்த சுமையில் பாதியை 45 நொடிகளுக்குள் கொட்டும் வசதியைத்தான். வேலிக்குப் பத்து மீட்டர் மேலே உங்களிடம் எத்தனை நொடிகள் இருக்கும்?

சுழலி: அது உச்சவரம்பு, ஐயா. தொட்டியின் அடியில் நல்ல கதவாக இருந்தால் சில நொடிகளே போதும்.

நிழல்மானி: திரவத்துக்கு அது பொருந்தும். ஈரம் பட்ட சூப்பர் பாஸ்பேட் கட்டிதட்டித் தொட்டிக்குள்ளேயே தங்கிவிடுவதும் உண்டு. கதவை நம்பிக் கூடுதலாக ஏற்றுவதை என்னால் ஏற்க முடியாது.

விதைக்காற்று: எடைபோட்டுப் பார்த்தோம்: 1,290 கிலோ. 800 லிட்டரில் புதுக்கோடு போட்டிருக்கிறோம், பாதியிலேயே எழுகிறது. நன்றி.

மூத்தவன்: நேற்று முதல் அந்த எடையில் எத்தனை முறை பறந்தீர்கள்? இறக்கையைத் தாங்கும் உத்திரமான ஸ்பாரின் ஆயுளை அனுமதித்த எடையை வைத்தே கணக்கிட்டிருப்பார்கள். பதிவேட்டில் எழுதி, பராமரிப்புப் பொறியாளரிடம் காட்டினீர்களா?