செல்டிக்ஸ் அணி ஹாலிடேயையும் போர்சிங்கிஸையும் அனுப்பியது ஏன்?

கேள்வி:
2024இல் அமெரிக்க என்பிஏ கூடைப்பந்துக் கோப்பை வென்ற பாஸ்டன் செல்டிக்ஸ், மறு ஆண்டுக் கோடையிலேயே ஜூரூ ஹாலிடேயைப் போர்ட்லண்டுக்கும் போர்சிங்கிஸை அட்லாண்டாவுக்கும் கொடுத்துவிட்டது. ஈடாக வந்தவர்களில் சைமன்ஸ் ஒருவரே சொல்லத்தக்கவர். வென்ற அணியை இவ்வளவு விரைவில் கலைக்க வேண்டிய கட்டாயம் என்ன?

மறுமொழி 1:
பணத்தைவிட விதிகளே முதன்மைக் காரணம். 2025-26 பருவத்தில் சம்பளச் செலவு ஏறத்தாழ 20.8 கோடி டாலரைத் தாண்டினால், அந்த அணி ‘இரண்டாவது ஏப்ரன்’ எனும் எல்லைக்கு மேல் சென்றுவிடுகிறது. அதன்பின் இரு வீரர்களின் சம்பளத்தைக் கூட்டி ஒரு பெரிய வீரருக்கு ஈடாகக் கொடுக்க முடியாது. சம்பள வரம்பைத் தாண்டியும் புதிய வீரரைச் சேர்க்க உதவும் மிட்-லெவல் சலுகையும் கிடையாது. ஏழு ஆண்டுகளுக்குப் பின் வரும், புதிய வீரரைத் தேர்ந்தெடுக்கும் முதல் சுற்று உரிமையையும் வீரர் பரிமாற்றத்தில் பயன்படுத்த இயலாது. அணியின் நட்சத்திர வீரர் டேட்டமின் 31.4 கோடி டாலர் ஐந்தாண்டு ஒப்பந்தமும் அந்தப் பருவத்தில்தான் தொடங்கியது.

மறுமொழி 2:
இதோடு, 2025 மே மாதம் நியூயார்க் நிக்ஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தில் டேட்டமின் குதிகால் தசைநார் அறுந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஹாலிடேக்கு அப்போது வயது 35. அவர் ஒப்பந்தத்தில் இன்னும் மூன்று ஆண்டுகளும் பத்துக் கோடி டாலருக்கு மேலும் எஞ்சியிருந்தன. சைமன்ஸின் ஒப்பந்தமோ ஓராண்டில் முடிவது. ஆகவே அந்த மாற்றம் எனக்குச் சரியாகவே படுகிறது. ஆனால் உயரமான வீரர்களான ஹார்ஃபோர்டு கோல்டன் ஸ்டேட்டுக்கும் லூக் கோர்னெட் சான் அன்டோனியோவுக்கும் சென்றதால், கூடைக்கு அருகே ஆடும் ‘சென்டர்’ இடம் பெரிதும் வலுவிழந்தது. குறைந்தது கோர்னெட்டையாவது தக்கவைத்திருக்க வேண்டும்.