மறு: மரபியல் ‘லிங்கேஜ்’ – ‘பிணைப்பு’ போதுமா?

வணக்கம்.

ஒரே குரோமோசோமில் அருகருகே உள்ள மரபணுக்கள் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் பெரும்பாலும் சேர்ந்தே செல்வதை ஆங்கிலத்தில் ‘லிங்கேஜ்’ என்பார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல் என்பதே இந்த இழையின் கேள்வி. பாடநூல்களில் உள்ள ‘பிணைப்பு’ என்ற சொல்லே போதும் என்று இங்கே இருவர் எழுதியிருந்தார்கள். வேதியியலில் அணுக்களைச் சேர்த்து வைப்பதும் பிணைப்புதான் என்பது சிறிய இடர். பிணைத்தவை பிரியா என்ற எண்ணத்தை அச்சொல் தந்துவிடுவதே பெரிய இடர். ஒரே குரோமோசோமில் அருகருகே உள்ள இரண்டு இடங்கள் எவ்வளவு அரிதாகப் பிரிகின்றன என்பதை எண்ணித்தான் அவற்றின் தொலைவையே அளக்கிறோம்: நூறு பாலணுக்களில் (விந்தணு அல்லது கருமுட்டை) ஒன்றில் பிரிந்தால் ஒரு சென்டிமார்கன். ‘இணைப்பு’ என்றாலோ, உறுப்புகளைத் தாங்கிப் பிடிக்கும் ‘கனெக்டிவ் டிஷ்யூ’வும் ‘இணைப்புத் திசு’ என்பதால், ‘இணைப்புத் திசு நோயின் இணைப்பு ஆய்வு’ என்று எழுத நேரும். எனக்கு இந்த ஐயம் எழுந்ததே அப்படி ஒரு வரியை எழுதி நாணியபோதுதான்.

நான் முன்வைப்பது ‘உடன்மரபு’. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு இரண்டும் உடன் வருகின்றன என்ற, கண்ணால் கண்ட செய்தியை மட்டும் அது சொல்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை.

இந்த அடக்கம் தேவை என்பதற்கு மார்ஃபன் நோய்க்குறித் தொகுதியே சான்று. 1896இல் அந்துவான் மார்ஃபன் விவரித்த இந்நோயில் எலும்பு, கண், பெருந்தமனி ஆகிய மூன்றும் பாதிக்கப்படுவதால் கோளாறு இணைப்புத் திசுவில்தான் என்பது நெடுங்காலமாகத் தெரிந்திருந்தது. எந்தப் புரதத்தில் என்பது தெரியவில்லை. குடும்பம் குடும்பமாக, குரோமோசோமில் இடம் தெரிந்த அடையாளக்குறிகளையும் நோயையும் ஒப்பிட்டுப் பார்த்தவர்கள், 1990இல் நோய்க்குக் காரணமான மரபணு 15ஆம் குரோமோசோமில் இருப்பதாக அறிவித்தார்கள். அதாவது, தெரு தெரிந்தது, வீடு தெரியவில்லை. ஃபைப்ரிலின் என்ற இணைப்புத் திசுப் புரதத்தின் மரபணுவும் அதே பகுதியில் இருப்பது தெரியவந்ததும் ஐயம் அதன்மேல் விழுந்தது. ஆனாலும் 1991இல் வழக்கை முடித்தது உடன்மரபு அன்று; குடும்பத்தில் முன்பு எவருக்கும் நோய் இல்லாத இரு நோயாளிகளிடம், பெற்றோரிடம் இல்லாமல் புதிதாகத் தோன்றியிருந்த ஒரே சடுதிமாற்றம்தான்.

ஆகவே ‘உடன்மரபாய்வு’ இடத்தைக் குறுக்கித் தரும் வேலைக்கும், ‘காரண மரபணுவை உறுதிசெய்தல்’ அதற்குப் பிந்தைய வேலைக்கும் பெயராகட்டும். உடன்மரபுக்கான சான்று எவ்வளவு வலுவானது என்று காட்டும் ‘லாட்’ மதிப்பை அப்படியே வைத்துக்கொள்ளலாம். அதன் மதிப்பு 3 என்றால், இரண்டு இடங்களும் அருகருகே உள்ளன என்று கொள்ளும்போது அக்குடும்பத் தரவு கிடைக்கும் வாய்ப்பு, அவை தொடர்பற்றவை என்று கொள்ளும்போது இருப்பதைப் போல் ஆயிரம் மடங்கு என்று பொருள். இவ்வளவையும் ஒரு தமிழ்ச்சொல்லில் திணிப்பது வீண்.

‘உடன்மரபு’ என்றால் உடன்பிறந்த நோய் என்று மயங்கலாமே என்று ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். அதற்குப் ‘பிறவிநோய்’ ஏற்கெனவே வழக்கில் இருப்பதால் நான் அஞ்சவில்லை. என் சொல் உண்மையில் நொண்டுவது ‘லிங்கேஜ் டிஸ்ஈக்விலிப்ரியம்’ என்ற தொடரில். இரண்டு இடங்களின் மரபணு வடிவங்கள் தற்செயலாக எதிர்பார்ப்பதைவிட மிகுதியாகவோ குறைவாகவோ சேர்ந்து காணப்படுவதை அது குறிக்கிறது; அது ஒரு குடும்பத்தைப் பற்றியதன்று, முழு மக்கள்தொகையைப் பற்றியது. ‘உடன்மரபுச் சமனின்மை’ என்று எழுதிப் பார்த்தேன், எனக்கே நிறைவில்லை. வேறு சொல் தோன்றுபவர்கள் இந்த இழையிலேயே எழுதுங்கள்.