எஸ்ஆர்ஒய் சோதனையில் 'இருக்கிறது' என்று வந்தால் பெண்கள் பிரிவில் போட்டியிடவே முடியாதா?

கேள்வி: மஞ்சள்கோடு

சர்வதேசப் போட்டிகளுக்குப் போகிற தடகள வீராங்கனைகளுக்காகத் தகுதி விதிகளை விளக்கும் குறிப்பு ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். பழைய குறிப்புகளைப் புரட்டினால் ஒன்றில் டெஸ்டோஸ்டிரோன் வரம்பு 10 என்கிறார்கள், இன்னொன்றில் 5, மற்றொன்றில் 2.5. இப்போது அளவே வேண்டாம், வாழ்நாளில் ஒரே ஒரு மரபணுச் சோதனை போதும் என்கிறார்கள். எது நடப்பு விதி?

சோதனையில் எஸ்ஆர்ஒய் (வழக்கமாக ஒய் குரோமோசோமில் இருக்கும் மரபணு) இருப்பதாகத் தெரிந்தால் அந்த வீராங்கனையின் கதை அங்கேயே முடிந்ததா, அதற்கு மேல் ஏதாவது படிகள் உண்டா? பால்வளர்ச்சி வேறுபாடு (குரோமோசோமோ சுரப்பியோ உறுப்போ வழக்கமான ஆண், பெண் அமைப்பிலிருந்து மாறி வளர்வது) உள்ளவர்களுக்கும் திருநங்கைகளுக்கும் ஒரே விதியா? உடல் அனுகூலம் 'பத்து சதவீதம்' என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது எதை எதோடு ஒப்பிட்டு வந்த கணக்கு? விவரம் தெரிந்தவர்கள் பொறுமையாக எழுதினால் உதவியாக இருக்கும். யார் சரி, யார் தவறு என்ற சண்டை வேண்டாம்.

பதில்: நடுவர்மேசை

நீங்கள் பார்த்த மூன்று எண்களும் அந்தந்தக் காலத்தில் சரியானவைதான். ஆண்டைச் சேர்த்து எழுதாததால் குழப்பம்.

2011-ல் உலகத் தடகளக் கூட்டமைப்பு வைத்த வரம்பு, ஒரு லிட்டர் ரத்தத்தில் 10 நானோமோல் டெஸ்டோஸ்டிரோன். இந்திய ஓட்ட வீராங்கனை டூட்டி சந்த் வழக்கில் விளையாட்டு நடுவர் தீர்ப்பாயம் 2015 ஜூலையில் அதை நிறுத்தி வைத்தது. டெஸ்டோஸ்டிரோன் கூடினால் எவ்வளவு அனுகூலம் என்பதைக் கூட்டமைப்பு போதிய அளவு நிறுவவில்லை என்பதே காரணம். 2018-ல் புது விதி வந்தது: வரம்பு 5, ஆறு மாதம் தொடர்ந்து அதற்குக் கீழே இருக்க வேண்டும், அதுவும் 400 மீட்டர் முதல் ஒரு மைல் வரையிலான ஓட்டங்களுக்கு மட்டும். தென்னாப்பிரிக்க ஓட்ட வீராங்கனை காஸ்டர் செமன்யா அதை எதிர்த்துத் தீர்ப்பாயத்துக்குப் போனார். 2019 மே மாதம் இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் தோற்றார். அந்தத் தீர்ப்பை முழுதாகப் படியுங்கள். விதி பாகுபாடு காட்டுகிறது என்று தீர்ப்பாயமே ஒப்புக்கொண்டது. ஆனாலும் பெண்கள் பிரிவைக் காக்க அது தேவை என்றது. 1500 மீட்டருக்கும் மைலுக்கும் சான்று மெலிந்திருக்கிறது என்ற கவலையையும் எழுதி வைத்தது.

2023 மார்ச்சில் வரம்பு 2.5 ஆனது, காலம் 24 மாதமானது, எல்லாப் போட்டிகளுக்கும் நீண்டது. ஆண் பருவமடைதலைக் கடந்த திருநங்கைகள் பெண்கள் பிரிவில் கிடையாது என்பதும் அப்போதே முடிவானது. கடைசியாக 2025 செப்டம்பர் 1 முதல் எஸ்ஆர்ஒய் சோதனை. டோக்கியோ உலகப் போட்டியில்தான் முதலில் அமலுக்கு வந்தது. கன்னத்தின் உட்புறத் தடவல் அல்லது ரத்தம், வாழ்நாளில் ஒரு முறை. சோதனையை நடத்தும் பொறுப்பு அந்தந்த நாட்டுக் கூட்டமைப்புக்கு.

மரபணு இருப்பதாக வந்தால் கதை முடிந்ததா என்றால், இல்லை. ஆண்ட்ரோஜன் முழு உணர்வின்மை (டெஸ்டோஸ்டிரோன் போன்ற ஆண் ஹார்மோன்களை உடல் ஏற்கவே ஏற்காத நிலை) உள்ளவர்களுக்கு விதியிலேயே விலக்கு இருக்கிறது. அவர்கள் ஆண் வகைப் பருவமடைதலை எந்த அளவிலும் அடைவதில்லை. முந்தைய விதிப்படி போட்டியிட்டு வந்த பால்வளர்ச்சி வேறுபாடு உள்ள சிலருக்கு இடைக்கால ஏற்பாடும் உண்டு. ஆனால் இந்த விலக்குகளைப் பெற மருத்துவ ஆவணம் வேண்டும், அதற்கு நாள் பிடிக்கும். போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது தடவல் எடுத்தால் விலக்குக்குத் தகுதியானவரும் வீட்டில் உட்கார வேண்டியதுதான். குறிப்பில் இதைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

இன்னொன்று. இது தடகள விதி. உலக நீச்சல் அமைப்பு 2022 முதல் வேறு மாதிரி வைத்திருக்கிறது: டேனர் அளவுகோலில் (பருவமடைதலைக் கட்டங்களாகப் பிரிப்பது) இரண்டாம் கட்டத்தைத் தாண்டிய ஆண் பருவமடைதல் நடந்திருக்கக் கூடாது, அல்லது 12 வயதுக்கு முன்பே அது தடுக்கப்பட்டிருக்க வேண்டும், இரண்டில் எது பிந்தியதோ அது. கூடவே 2.5 வரம்பு. குத்துச்சண்டை அமைப்பான வேர்ல்ட் பாக்ஸிங் 2025-ல் 18 வயதுக்கு மேற்பட்டோருக்கு பிசிஆர் சோதனையைக் (டிஎன்ஏவைப் பெருக்கி மரபணுவைத் தேடும் முறை) கட்டாயமாக்கியது. ஒரு விளையாட்டின் விதியை இன்னொன்றுக்கு எடுத்து எழுதிவிடாதீர்கள்.

பதில்: சோதனைக்குழல்

ஆய்வகப் பக்கத்தை நான் சொல்கிறேன். இங்கேதான் அதிகம் சறுக்குகிறார்கள்.

முதலில் அலகு. ஆய்வக அறிக்கைகள் பலவற்றில் டெஸ்டோஸ்டிரோன் டெசிலிட்டருக்கு நானோகிராம் கணக்கில் இருக்கும், விதிப் புத்தகத்தில் லிட்டருக்கு நானோமோல். லிட்டருக்கு 1 நானோமோல் என்பது டெசிலிட்டருக்குச் சுமார் 28.8 நானோகிராம். அப்படியென்றால் 2.5 என்பது 72, 5 என்பது 144, 10 என்பது 288. அறிக்கையில் 60 என்று பார்த்துப் பதறுபவர்களும் உண்டு, 2.9 என்று பார்த்து 'சின்ன எண்தானே' என்று விட்டுவிடுபவர்களும் உண்டு. அலகைப் பார்க்காமல் எண்ணைப் பார்க்கவே கூடாது.

அடுத்தது முறை. சாதாரண ஆய்வகங்களில் நடப்பது இம்யூனோஅஸே, அதாவது எதிர்ப்புரதத்தை வைத்து அளப்பது. ஆண்களின் அளவுக்கு அது ஓரளவு போதும். பெண்களின் குறைந்த அளவில் மற்ற ஸ்டீராய்டுகளையும் டெஸ்டோஸ்டிரோன் என்று எண்ணிக் கூட்டிக் காட்டிவிடும். விதிகள் கேட்பது மூலக்கூறுகளை எடையை வைத்துப் பிரித்தறியும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி அளவீடு. அந்த முறையில் ஆரோக்கியமான பெண்களிடம் 0.12 முதல் 1.79 வரை, ஆண்களிடம் 7.7 முதல் 29.4 வரை. நடுவில் பெரிய இடைவெளி இருப்பதைக் கவனியுங்கள். சினைப்பை நீர்க்கட்டி உள்ள பெண்களுக்கு அளவு கூடும், என்றாலும் அரிதாகவே 5-ஐ நெருங்கும். பழைய வரம்பு 5 என்று நின்றதற்கு அது ஒரு காரணம். நீர்க்கட்டியும் பிறவி அட்ரீனல் மிகைப்பும் (அட்ரீனல் சுரப்பி ஆண் ஹார்மோன்களைக் கூடுதலாகச் சுரக்கும் பிறவிக் குறை) இந்த விதியின் கீழ் வருவதே இல்லை. இதைக் கேள்விப்படாமல் பயந்துபோகும் இளம் வீராங்கனைகள் நிறையப் பேர். குறிப்பில் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.

இனி எஸ்ஆர்ஒய். ஒய் குரோமோசோமின் நுனியை ஒட்டி இருக்கும் மரபணு, 1990-ல் கண்டறியப்பட்டது. கருவில் விரைச்சுரப்பி உருவாவதைத் தொடங்கி வைப்பது அதுதான். பிசிஆர் சோதனை ஒரே கேள்விக்குத்தான் பதில் சொல்லும்: அந்த மரபணு மாதிரியில் இருக்கிறதா, இல்லையா. அது வேலை செய்கிறதா, விரைச்சுரப்பி உருவானதா, டெஸ்டோஸ்டிரோன் சுரக்கிறதா, சுரந்ததை உடல் ஏற்கிறதா என்ற நான்கு கேள்விகளும் அப்படியே நிற்கும். ஸ்வையர் நிலையில் எக்ஸ்ஒய் குரோமோசோம்கள் இருக்கும், எஸ்ஆர்ஒய்யும் பெரும்பாலும் இருக்கும், ஆனால் பாலுறுப்புச் சுரப்பி வெறும் நார்த்திசுவாக நின்றுவிடும். டெஸ்டோஸ்டிரோன் ஆண் அளவுக்குச் சுரக்காது. முழு உணர்வின்மையில் டெஸ்டோஸ்டிரோன் ஆண் அளவுக்குச் சுரக்கும், ஏற்பி வேலை செய்யாது. 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் (டெஸ்டோஸ்டிரோனை இன்னும் வலுவான வடிவத்துக்கு மாற்றும் நொதி) குறைபாட்டில் பிறக்கும்போது வெளி உறுப்பு பெண்ணுடையதுபோல் தோன்றலாம், பருவத்தில் டெஸ்டோஸ்டிரோன் முழுதாக வேலை செய்யும். தகுதித் தகராறுகள் பெரும்பாலும் இந்த மூன்றாவது வகையைச் சுற்றியே.

மாதிரி எடுப்பதற்கு அரை மணி நேரம் முன்பிருந்து சாப்பிடாமலும் வாயில் எதுவும் போடாமலும் இருப்பது நல்லது. எடுப்பவர் ஆணாக இருந்தால் கையுறை, முகக்கவசம் இல்லாமல் தொடவே கூடாது. பிசிஆர் மிகச் சிறிய அளவு டிஎன்ஏவையும் பெருக்கிக் காட்டும், அவருடைய ஒய் உள்ளே புகுந்தால் முடிவே மாறிவிடும். 'இல்லை' என்று வருவதை நம்ப வேண்டுமானால் அதே குழாயில் எல்லோரிடமும் இருக்கும் வேறொரு மரபணுவும் தெரிந்திருக்க வேண்டும். அது தெரியவில்லை என்றால் மாதிரியே சரியில்லை, மறுபடி எடுக்க வேண்டும். 'இருக்கிறது' என்று வந்தால் புதிதாக இரண்டாவது மாதிரி, முடிந்தால் வேறு ஆய்வகம். அதன் பிறகே வாய் திறக்க வேண்டும்.

பதில்: எட்டாம்தடம்

சதவீதக் கணக்குக்கு வருகிறேன். உலக சாதனைகளை வைத்தே பாருங்கள். 100 மீட்டரில் 9.58, 10.49: சுமார் 9.5 சதவீத இடைவெளி. 800 மீட்டரில் 1:40.91, 1:53.28: 12 சதவீதத்துக்குச் சற்று மேல். நீளம் தாண்டுதலில் 8.95, 7.52: 19 சதவீதம். பளுதூக்குதலில் இன்னும் விரியும். 'பத்து' என்பது ஓட்டத்துக்கான தோராயம் மட்டுமே. எல்லா விளையாட்டுக்கும் பொதுவான எண் என்று எதுவும் இல்லை.

இந்த இடைவெளி சிறுவயதில் மிகக் குறைவு, பருவமடைதலோடு திறக்கிறது. தசை, எலும்பின் நீளமும் தடிமனும், இதயத்தின் அளவு, சுமார் 12 சதவீதம் கூடுதலான ஹீமோகுளோபின். அதனால்தான் விதிகள் இன்றைய ஹார்மோன் அளவிலிருந்து 'பருவத்தைக் கடந்தாரா' என்ற கேள்விக்கு நகர்ந்தன. ஹார்மோனைக் குறைத்தால் ஹீமோகுளோபின் நான்கு மாதத்துக்குள் பெண்களின் அளவுக்கு வந்துவிடுகிறது. தசை அப்படி இறங்குவதில்லை. ஒரு வருடத்தில் சுமார் 5 சதவீதம். உயரம் இறங்கவே இறங்காது. 2020-ல் வெளியான அமெரிக்க விமானப்படை ஆய்வில், சிகிச்சை தொடங்கி இரண்டு ஆண்டுக்குப் பிறகு தண்டால் எண்ணிக்கையில் திருநங்கைகளுக்கு இருந்த கூடுதல் மறைந்துவிட்டது, ஓட்டத்தில் 12 சதவீதம் வேகம் மிஞ்சியது. அவர்கள் படைவீரர்கள், உச்சநிலை விளையாட்டு வீரர்கள் அல்லர். உச்சநிலை திருநங்கை வீராங்கனைகளை நேரடியாக அளந்த தரவு மிகச் சொற்பம், அதை மறைத்து எழுதக் கூடாது.

என் நிலைப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். பெண்கள் பிரிவு என்று ஒன்று இருப்பதே இந்த இடைவெளிக்காகத்தான். அதைக் காக்கக் கோடு போடுவது நியாயம். கோட்டை எங்கே போடுகிறோம் என்பதற்குச் சான்று காட்டும் கடமை போடுகிறவருக்கு.

மஞ்சள்கோடு

மிக்க நன்றி. ஒரு சந்தேகம். 'எஸ்ஆர்ஒய் சோதனை ஏற்கெனவே ஒரு முறை ஒலிம்பிக்கில் இருந்தது, கைவிட்டார்கள்' என்று ஒருவர் சொன்னார். அப்படியானால் இப்போது ஏன் திரும்ப?

பதில்: கடைசிச்சுற்று

இருந்தது. 1966-ல் புடாபெஸ்ட் ஐரோப்பியப் போட்டியில் வீராங்கனைகளை ஆடையின்றி மருத்துவர்கள் முன் நிறுத்தினார்கள். அந்த அவமானத்துக்கு மாற்றாக 1968-ல் ஒலிம்பிக்கில் பார் உடல் சோதனை வந்தது. அது எக்ஸ் குரோமோசோம்களைத்தான் எண்ணும். ஸ்பெயினின் தடையோட்ட வீராங்கனை மரியா ஹோசே மார்ட்டினெஸ் பத்தீன்யோ 1985-ல் அதில்தான் சிக்கினார். முழு உணர்வின்மை உள்ளவர். டெஸ்டோஸ்டிரோனால் அவருக்கு எந்தப் பயனும் இல்லை. பட்டம், உதவித்தொகை எல்லாம் போய், 1988-ல்தான் மீண்டும் தகுதி கிடைத்தது.

1992-ல் ஒலிம்பிக் குழு பிசிஆருக்கு மாறியது. 1996 அட்லாண்டாவில் 3,387 பேரைச் சோதித்ததில் 8 பேருக்கு 'இருக்கிறது' என்று வந்தது. ஏழு பேருக்கு முழுமையாகவோ பகுதியாகவோ ஆண்ட்ரோஜன் உணர்வின்மை, ஒருவருக்கு 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் குறைபாடு. எட்டுப் பேரும் போட்டியிட அனுமதிக்கப்பட்டார்கள். 1999-ல் சோதனையை நிறுத்தினார்கள். 2009-க்குப் பிறகு சந்தேகம் எழுந்தவரை மட்டும் சோதிக்கும் முறை வந்தது. யார்மேல் சந்தேகம் எழுகிறது என்பது தோற்றத்தைப் பார்த்தே நடந்தது. எல்லோருக்கும் ஒரே சோதனை என்றால் அந்தக் கண்வைப்பு குறையும் என்பது இப்போது திரும்பக் கொண்டுவந்தவர்களின் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. அந்த மரபணுவைக் கண்டறிந்த குழுவில் இருந்த ஆய்வாளர் ஆண்ட்ரூ சின்க்ளேரே இதைத் தகுதிச் சோதனையாக வைக்கக் கூடாது என்கிறார்; சோதனைக்குழல் மேலே சொன்ன நான்கு கேள்விகள்தான் அவருடைய கவலையும்.

எட்டாம்தடம் 'கோடு போடுவது நியாயம்' என்றார். ஏற்கிறேன். ஆனால் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கும் பெண்ணுக்கு என்ன நடக்கிறது என்பதும் விதியின் பகுதிதான். 2013-ல் வெளியான மருத்துவக் கட்டுரை ஒன்று, வளரும் நாடுகளின் கிராமப்புறங்களிலிருந்து வந்த 18 முதல் 21 வயதுக்குட்பட்ட நான்கு வீராங்கனைகளைப் பற்றியது. உடலுக்குள் இருந்த விரைச்சுரப்பியை எடுத்ததோடு பிறப்புறுப்பின் ஒரு பகுதியையும் வெட்டியிருந்தார்கள். இந்த இரண்டாவது அறுவைக்கும் ஓட்டத்துக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. 2018 விதியில் மாத்திரை, மாத ஊசி, அறுவை மூன்றும் வழிகளாகச் சொல்லப்பட்டன, அறுவை கட்டாயமில்லை என்றும் இருந்தது. நெருக்கடியில் இருக்கும் 19 வயதுப் பெண்ணுக்கு அந்த வரியை யார் படித்துக் காட்டுவார்?

நீதிமன்றப் பக்கத்தில் ஒரு வரி: ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பெரிய அமர்வு 2025 ஜூலையில், செமன்யாவுக்கு சுவிஸ் நீதிமன்றத்தில் முறையான விசாரணை கிடைக்கவில்லை என்றது. விதி சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்லவில்லை. 'செமன்யா ஜெயித்தார், விதி ரத்து' என்று குறிப்பில் போட்டுவிடாதீர்கள்.

பதில்: நடுவர்மேசை

குறிப்பில் சேர்க்க வேண்டிய நடைமுறை, சுருக்கமாக. சோதனைக்கு முன் எழுத்தில் ஒப்புதல். அவருக்குப் புரிகிற மொழியில். 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரும் சேர்ந்து. மரபணுச் சோதனைக்குச் சட்டத் தடை உள்ள நாட்டில் தங்கிப் பயிற்சி செய்பவராக இருந்தால் வேறு நாட்டில் எடுக்க வேண்டிவரும். பிரான்ஸில் மருத்துவக் காரணமின்றி எடுக்க முடியாது. 2025 குத்துச்சண்டை உலகப் போட்டியை அந்நாட்டு வீராங்கனைகள் தவறவிட்டது முடிவு தாமதமாக வந்ததால்தான். முடிவு வீராங்கனைக்கும் நியமிக்கப்பட்ட ஒரே மருத்துவருக்கும் மட்டும் போக வேண்டும். பயிற்சியாளரின் வாட்ஸ்அப் குழுவுக்கு அல்ல. 'இருக்கிறது' என்று வந்த அன்றே அணிப் பட்டியலில் இருந்து பெயரை எடுத்தால் ஊரே புரிந்துகொள்ளும். அதனால் பட்டியல் வெளியாவதற்குக் குறைந்தது மூன்று மாதம் முன்பே எல்லோருக்கும் சோதனையை முடித்துவிடுங்கள். இரண்டாவது மாதிரி, நாளமில்லாச் சுரப்பி நிபுணர், உளவியல் ஆலோசகர், விலக்கு விண்ணப்பம் எல்லாம் அந்த மூன்று மாதத்துக்குள் அடங்க வேண்டும். எந்தச் சிகிச்சையைப் பற்றியும் கூட்டமைப்பின் ஆள் பேசக் கூடாது, அது அவருடைய சொந்த மருத்துவரின் வேலை.