அட்லாண்டிக் தீவுகளில் படகிலேயே தங்கி முக்குளிக்க: அசோர்ஸா, பஹாமாஸா?

கேள்வி – நீலவரை

வணக்கம். ஜூலை இறுதியிலிருந்து எனக்கும் என் மனைவிக்கும் இரண்டு வார விடுப்புக் கிடைக்கிறது. செங்கடலில் படகிலேயே தங்கி ஸ்கூபா முக்குளித்துப் பழகிய நாங்கள் இம்முறை அட்லாண்டிக்கிற்குச் செல்ல எண்ணுகிறோம். எனக்குக் கொம்புத் திருக்கைகளையும், அவருக்குச் சுறாக்களையும் பார்க்க ஆசை. இருவரிடமும் அட்வான்ஸ்டு (மேல்நிலை முக்குளிப்பு), நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூட்டிய காற்று) சான்றிதழ்கள் உள்ளன. பஹாமாஸுக்கு லிவ்அபோர்டு (இரவிலும் தங்கிப் பயணிக்கும்) படகுகள் தாராளமாகக் கிடைக்கின்றன. போர்ச்சுகலைச் சேர்ந்த அசோர்ஸ் தீவுகளுக்கோ தேடித் தேடியும் ஒன்றிரண்டே தென்படுகின்றன. இதற்குக் காரணம் உண்டா? எதைத் தேர்ந்தெடுப்பது நல்லது?

பதில் – கடற்காகம்

உங்கள் விடுப்பு நாட்களே பாதி விடையைச் சொல்லிவிடுகின்றன. பஹாமாஸில் புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை நீள்கிறது. ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை அது உச்சத்தில் இருக்கும். பிமினி தீவருகே பெரிய சுத்தியல்தலைச் சுறாக்கள் வருவதும் குளிர்காலத்தில்தான். அசோர்ஸிலோ கடல் ஓரளவு அடங்குவதும், கொம்புத் திருக்கைகள் கூடுவதும், நீலச் சுறாக்கள் தென்படுவதும் ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான கோடையில்தான். ஆகவே இந்த ஆண்டு அசோர்ஸ், வேறொரு பிப்ரவரியில் பஹாமாஸ் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

படகுகள் குறைவாக இருப்பதற்குக் காரணம் கடலடியின் அமைப்பு. பஹாமாஸ் தீவுகள் பரந்த, ஆழமற்ற சுண்ணாம்புத் திட்டுகளின் மேல் இருக்கின்றன. புலிச் சுறாக்களுக்குப் பெயர்பெற்ற டைகர் பீச்சில் ஆழம் ஏறத்தாழ 6 மீட்டர்தான். காற்று திசை மாறினால் படகு ஏதேனும் ஒரு தீவின் மறைவுக்கு ஒதுங்கி நங்கூரமிட்டு இரவைக் கழிக்கலாம். அசோர்ஸின் ஒன்பது தீவுகளும் எரிமலைகள். ஏறத்தாழ 600 கிலோமீட்டர் நீளத்துக்குச் சிதறிக் கிடக்கும் அவை ஆழ்கடலிலிருந்து செங்குத்தாக எழுவதால், துறைமுகத்தை விட்டால் இரவில் ஒதுங்க இடம் அரிது. அங்கே முக்குளிப்பு பெரும்பாலும் கரையில் தங்கி, காலையில் ரப்பர் விரைவுப் படகில் புறப்பட்டு மாலையில் திரும்புவதாகவே அமைந்திருக்கிறது.

ஃபையால் அல்லது பிக்கோ தீவில் அறை எடுங்கள்; இரண்டுக்கும் இடையே ஃபெரியில் அரைமணிநேரப் பயணம்தான். கொம்புத் திருக்கைகளுக்காக நீங்கள் செல்ல வேண்டிய இடம் பிரின்சஸ் அலிஸ் திட்டு. மொனாக்கோ இளவரசர் முதலாம் ஆல்பர்ட்டின் கப்பல் 1896இல் கண்டறிந்த அந்தக் கடலடி மலை இத்தீவுகளுக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 50 கடல் மைல் தொலைவில் இருக்கிறது. போவதற்கே மூன்று மணிநேரம் வரை ஆகும். அதன் உச்சியே ஏறக்குறைய 35 மீட்டர் ஆழத்தில் இருப்பதால் பெரும்பாலான நேரம் நங்கூரக் கயிற்றை ஒட்டி நடுநீரில்தான் மிதப்பீர்கள். திருக்கைகள் தாமாகவே சுற்றி வரும். நீரோட்டம் வலுத்தால் கயிற்றை விடவே கூடாது. நீலச் சுறாவைக் காண ஃபையாலுக்கு அருகிலுள்ள கோண்டோர் திட்டுக்குச் செல்வார்கள். அங்கே அடித்தளம் கண்ணுக்கே தெரியாது என்பதால் மிதப்புக் கட்டுப்பாடு கைவராதவர்களுக்கு அது உகந்த இடமன்று. நீரின் வெப்பம் 20 முதல் 24 பாகை வரை இருக்கும். செங்கடலில் அணிந்த மெல்லிய வெட்சூட் போதாது, 5 அல்லது 7 மில்லிமீட்டர் தேவை.

வானிலையால் பயணம் ரத்தாவது அங்கே அன்றாட நிகழ்வு. திட்டுப் பயணங்களை முதல் வாரத்திலேயே பதிவு செய்துவிட்டு, இரண்டாவது வாரத்தை மாற்று நாட்களுக்காக விட்டுவையுங்கள்.

பதில் – உப்புக்காற்று

கடற்காகம் சொல்வது பெரும்பாலும் சரியே எனினும், ஓரிடத்திற்காக மட்டும் தங்கும் படகை ஆதரிப்பேன். டெர்சைரா, சாவோ மிகேல் தீவுகளுக்கு நடுவே டோம் ஜோவாவோ டி காஸ்ட்ரோ என்னும் கடலடி எரிமலை இருக்கிறது. 1720இல் அது வெடித்துத் தீவாக எழுந்து, இரண்டே ஆண்டுகளில் அலைகளால் அரிக்கப்பட்டு மறைந்தது. இன்று அதன் உச்சி ஏறக்குறைய 13 மீட்டர் ஆழத்தில் உள்ளது. பாறை இடுக்குகளிலிருந்து சூடான வளிமக் குமிழிகள் எழுவதை அங்கே பார்க்கலாம். இரு தீவுகளிலிருந்தும் அது தொலைவு என்பதால், பல நாள் பயணம் செய்யும் படகுக்கே அது வசதி.

பதில் – துடுப்பு

எந்தப் படகில் இரவு தங்கினாலும் பணம் கட்டுமுன் மூன்று செய்திகளை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: இரவு முழுவதும் விழித்திருக்கும் காவலர் உண்டா, உறங்கும் தளத்திலிருந்து வெளியேறத் தனித்தனியான இரு வழிகள் உண்டா, மின்கலங்களை எங்கே மின்னேற்றம் செய்கிறார்கள்? 2019 செப்டம்பரில் கலிஃபோர்னியாவில் கன்செப்ஷன் என்ற முக்குளிப்புப் படகு இரவில் தீப்பற்றி 34 பேர் இறந்தபோது, காவலுக்கு ஒருவரும் விழித்திருக்கவில்லை. விலைச் சலுகையைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம். இன்னொன்று, ஷெங்கன் விசாவுக்காக எடுக்கும் காப்பீடு முக்குளிப்பு விபத்துகளுக்கும் பொருந்தும் என்று எண்ணிவிட வேண்டாம். அதற்கெனத் தனிக் காப்பீடு எடுங்கள்.

நீலவரை

மூவருக்கும் நன்றி. ஃபையாலில் தங்குவது என்று முடிவு செய்துவிட்டோம். முக்குளிக்க முடியாத நாளில் பிக்கோ மலையில் ஏறலாமா?

கடற்காகம்

ஏறலாம், ஆனால் முக்குளிப்பதற்கு முந்தைய நாட்களில் ஏறுங்கள். பிக்கோவின் உயரம் 2351 மீட்டர். நடை தொடங்கும் இடமே ஏறத்தாழ 1200 மீட்டரில் இருக்கிறது. முக்குளிக்கும்போது உடலில் தங்கும் நைட்ரஜன், காற்றழுத்தம் குறைந்த உயரத்தில் குமிழிகளாகித் தீங்கு செய்யக்கூடும்; அதைப் பொறுத்தவரை அந்த உயரத்துக்குக் காரில் போவதும் விமானம் ஏறுவதும் ஒன்றே. பல முறை முக்குளித்த பின் விமானத்துக்கு வலியுறுத்தப்படும் குறைந்தது 18 மணிநேர இடைவெளியை இந்த மலைக்கும் கடைப்பிடியுங்கள். வானிலையால் திடீரென நாள் ஒன்று காலியாகும்போது, முந்தின மாலை நீருக்குள் இருந்தவர்கள் மறுநாள் காலையிலேயே மலைக்குக் கிளம்பிவிடக் கூடாது.